தலைப்பிலே தாய்!

பிள்ளைக்குப் பெயர் வைக்க ஒரு நாள் போதும். சினிமாப் படத்துக்குப் பெயர் வைக்கத்தான் பல நாள் வேண்டும்.

பெயரைக் கேட்டதும் ஜனங்கள் கொட்டகைக்கு வரவேண்டும். கூட்டி வைத்துப் படிக்கிறவருக்கும் அது எளிதாக இருக்க வேண்டும். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், "இந்தப் படத்துக்குப் போகலாமா?" என்று மனைவியிடம் கேட்டால், அவர் உடனே தலையாட்ட வேண்டும். பாட்டியும் கூட வரவேண்டும்.

இத்தனையும் செய்யக்கூடிய சொல் தமிழில் எது? அந்தக் காலப் படாதிபதிகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

"தாய்!"

இரண்டே எழுத்து. அவ்வளவுதான் அந்தச் சொல். ஆனால், அதைத் தலைப்பில் வைத்து வந்த படங்கள் கொஞ்சநஞ்சமா? எம். ஜி. ஆர். நடித்த படங்களில் மட்டும் ஒன்பது படங்களின் பெயரில் "தாய்" இருக்கிறாள்.

தாய்க்குப் பின் தாரம் (1956), தாய் மகளுக்குக் கட்டிய தாலி (1959), தாய் சொல்லைத் தட்டாதே (1961), தாயைக் காத்த தனயன் (1962), தெய்வத்தாய் (1964), தாயின் மடியில் (1964), கன்னித்தாய் (1965), தாய்க்குத் தலைமகன் (1967), ஒரு தாய் மக்கள் (1971).

எண்ணிப் பாருங்கள். ஒன்பது!

இந்த ஒன்பதில் ஐந்து படங்களை எடுத்தவர் ஒரே ஆள். அவர் ஒரு பயில்வான்!

மில் தொழிலாளி முதலாளி ஆனார்

அந்தப் பயில்வானின் பெயர் சின்னப்பா தேவர். கோவைக்காரர். 1915-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி பிறந்தவர். இளமையில் மில்லில் கூலி வேலை பார்த்தவர்.

உடற்பயிற்சி என்றால் அவருக்கு உயிர். அதனால் பெயருக்கு முன்னால் "சாண்டோ" என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

"சாண்டோ" என்பது என்ன? அது ஒரு மனிதரின் பெயர். யூஜின் சாண்டோ என்று ஐரோப்பாவில் ஒரு பலசாலி இருந்தார். 1867-ல் பிறந்தவர். உடம்பை வளர்ப்பதையே ஒரு கலையாக்கி, உலகம் முழுவதும் சுற்றிக் காட்டியவர். இந்தியாவுக்கும் வந்து போனார். அதன் பிறகு இங்கே உடல் வலுவுள்ளவர்களை எல்லாம் "சாண்டோ" என்று அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. கையில்லாத பனியனுக்குக்கூட அவர் பெயர்தான்!

கோவையில் அப்போது சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. ஜூபிடர் நிறுவனம் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த எம். ஜி. ஆருக்கும், சண்டை போடத் தெரிந்த தேவருக்கும் அங்கே நட்பு ஏற்பட்டது. இருவரும் கஷ்ட ஜீவனக்காரர்கள். இருவருக்கும் உடற்பயிற்சியில் ஆசை.

1947-ல் "ராஜகுமாரி" வந்தது. எம். ஜி. ஆர். முதல் முறையாகக் கதாநாயகன் ஆன படம் அதுதான். அதில் ஒரு சண்டைக் காட்சி. அந்தக் காட்சியில் தேவருக்கே வேடம் கொடுக்க வேண்டும் என்று எம். ஜி. ஆர். பரிந்து பேசினார். கிடைத்தது.

தனக்கே இப்போதுதான் இலையில் சோறு விழுந்திருக்கிறது. அதற்குள் பக்கத்து இலையைப் பார்க்கும் மனசு எத்தனை பேருக்கு வரும்? தேவர் அதை மறக்கவில்லை.

பழமொழி தந்த பெயர்

பின்னாளில் தேவர் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். தேவர் பிலிம்ஸ் என்று பெயர். முதல் படத்துக்கு நண்பரையே கதாநாயகனாகப் போட்டார். தம்பி எம். ஏ. திருமுகத்தை டைரக்டர் ஆக்கினார்.

படத்துக்குப் பெயர்? கிராமத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பழமொழியையே எடுத்து வைத்தார்.

"தாய்க்குப் பின் தாரம்!"

தாய்க்கு அப்புறம்தான் மனைவி என்றும் இதற்குப் பொருள் சொல்லலாம். தாய் போன பிறகு மனைவிதான் துணை என்றும் பொருள் சொல்லலாம். மாமியாருக்கும் சந்தோஷம், மருமகளுக்கும் சந்தோஷம்! இரண்டு பேரும் சேர்ந்தே கொட்டகைக்கு வரலாம் அல்லவா?

1956-ல் படம் வெளிவந்தது. கண்ணாம்பா தாய். பானுமதி கதாநாயகி. டி. எஸ். பாலையாவும் நடித்திருந்தார். முரட்டுக் காளையை எம். ஜி. ஆர். அடக்கும் காட்சியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. தேவருக்கு முதல் படமே கை கொடுத்தது.

ஆனால், அந்தப் படத்தோடு நண்பர்கள் இருவருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது. பேச்சு நின்றது.

தேவர் சோர்ந்து உட்காரவில்லை. ரஞ்சனை வைத்து "நீலமலைத் திருடன்" (1957) எடுத்தார். ஜெமினி கணேசனை வைத்து "வாழ வைத்த தெய்வம்" (1959) எடுத்தார். எம். ஜி. ஆரும் வேறு வேறு கம்பெனிகளில் நடித்துப் புகழின் உச்சிக்குப் போய்விட்டார்.

இப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடின.

தாலி கட்டிய தாய்

அந்த இடைவெளியில் எம். ஜி. ஆர். நடித்து ஒரு "தாய்" படம் வந்தது. தேவர் படம் அல்ல. 1959-ம் ஆண்டின் கடைசி நாளில் வெளிவந்தது. பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்றார்கள்.

"தாய் மகளுக்குக் கட்டிய தாலி!"

தாலி கட்டுவது மாப்பிள்ளையின் வேலை. தாய் எப்படி மகளுக்குத் தாலி கட்டுவாள்? விடை தெரியவேண்டுமானால் டிக்கெட் வாங்கித்தான் ஆகவேண்டும்! இந்தப் படத்தின் கதை அறிஞர் அண்ணாவுடையது.

வினோதமான பெயர்தான். ஆனால், பெயருக்குக் கிடைத்த பேச்சு படத்துக்குக் கிடைக்கவில்லை.

தீபாவளிப் போட்டி

1961-ல் தேவரும் எம். ஜி. ஆரும் மறுபடி சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டு மனத்தாங்கல் போயிற்று. உடனே ஒரு படம்.

என்ன பெயர் வைப்பது? முதல் படத்தில் கைகொடுத்த சொல் இருக்கிறதே!

"தாய் சொல்லைத் தட்டாதே!"

வீட்டுக்கு வீடு பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி இது. தலைப்பைப் படித்தாலே தாய்மார்களுக்கு மனம் குளிரும். "பிள்ளைகளா, வாருங்கள். நல்ல படம்" என்று அவர்களே கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

சரோஜாதேவி கதாநாயகி. கண்ணாம்பா தாய். எம். ஆர். ராதா, அசோகன் ஆகியோரும் உண்டு. கே. வி. மகாதேவன் இசை. கண்ணதாசன் பாட்டு. 1961 நவம்பர் 7-ந் தேதி, தீபாவளி அன்று படம் வந்தது.

அதே நாளில் இன்னொரு பெரிய படமும் வந்தது. சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரம் பிள்ளையாக நடித்த "கப்பலோட்டிய தமிழன்". தாய்நாட்டுக்காகச் சிறையில் செக்கு இழுத்த தியாகியின் கதை. பி. ஆர். பந்துலு பெரும் பொருட்செலவில் எடுத்த படம்.

முடிவு என்ன? தாய் வென்றாள்! தாய்நாடு தோற்றது!

"தாய் சொல்லைத் தட்டாதே" கொட்டகைகளை நிரப்பியது. "கப்பலோட்டிய தமிழன்" படம் எடுத்தவருக்கு நஷ்டத்தைக் கொடுத்தது. இன்று சிவாஜியின் சிறந்த படங்கள் என்று பட்டியல் போட்டால் அதை முன்வரிசையில் வைக்கிறார்கள். ஆனால், அந்தத் தீபாவளிக்குக் குடும்பங்கள் தேடிப் போனது தாயைத்தான்.

அடுத்த ஆண்டு, 1962 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டையொட்டி "தாயைக் காத்த தனயன்" வந்துவிட்டது. அதே தேவர், அதே திருமுகம், அதே மகாதேவன், அதே சரோஜாதேவி, அதே கண்ணாம்பா!

இப்படி எம். ஜி. ஆரை வைத்துத் தேவர் எடுத்த படங்கள் மொத்தம் 16. அவற்றில் சரிபாதி, எட்டுப் படங்களின் பெயர் "த" வரிசை எழுத்தில்தான் தொடங்கும். நான்கு "தாய்" படங்களோடு தர்மம் தலைகாக்கும், தொழிலாளி, தனிப்பிறவி, தேர்த்திருவிழா ஆகியவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடப் பாடம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு என்று ஒரு பாடம் நடத்துவார்கள். பிள்ளைகள் அதைப் படிக்க அழுவார்கள். சினிமாத் தலைப்புகளை வைத்தே அதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்!

"தாய்" என்றே ஒரு படம் இருக்கிறது. 1974-ல் சிவாஜி, ஜெயலலிதா நடித்தது. இது முதல் வேற்றுமை.

"தாயை" என்றால் இரண்டாம் வேற்றுமை. தாயைக் காத்த தனயன்.

"தாய்க்கு" என்றால் நான்காம் வேற்றுமை. தாய்க்குப் பின் தாரம், தாய்க்குத் தலைமகன்.

"தாயே" என்று கூப்பிட்டால் அது எட்டாம் வேற்றுமை. அதற்கும் ஒரு படம் உண்டு. தாயே உனக்காக!

நிஜத் தாய்

தலைப்பில் தாய் என்று போட்டால் படம் ஓடும் என்பது வியாபாரக் கணக்கு. ஆனால், எம். ஜி. ஆருக்கு அந்தச் சொல் வெறும் கணக்கு அல்ல.

அவர் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கோபால மேனன். தாயார் சத்தியபாமா. எம். ஜி. ஆர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார்.

சத்தியபாமா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமை. பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்க வைக்க வழி இல்லை. மூத்தவர் சக்கரபாணியும் இளையவர் ராமச்சந்திரனும் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அங்கே போனால் பிள்ளைகளுக்கு இரண்டு வேளைச் சோறாவது நிச்சயம்.

விளையாடும் வயதுப் பிள்ளைகளை ஊர் ஊராகப் போகும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, ஒரு தாய் வீட்டில் எப்படித் தூங்கியிருப்பாள்? கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட எத்தனையோ தாய்மார்களுக்கு, அந்த நிலைமை சினிமாக் கதை அல்ல. சொந்தக் கதை.

அந்தத் தாயின் பெயரை மகன் மறக்கவில்லை. அடையாற்றில் அவருடைய ஸ்டூடியோவுக்கு "சத்யா ஸ்டூடியோ" என்று பெயர். ஆர். எம். வீரப்பன் நடத்திய படக் கம்பெனிக்கு "சத்யா மூவீஸ்" என்று பெயர். இரண்டும் தாயின் பெயர்தான்.

சத்யா மூவீசின் முதல் படம் எது தெரியுமா? 1964-ல் வந்த "தெய்வத்தாய்". கம்பெனியின் பெயரிலும் தாய். படத்தின் பெயரிலும் தாய்!

இந்தப் படத்தில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. இதற்கு வசனம் எழுதியவர் அப்போது சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, நாடகம் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞர். சினிமாவுக்கு அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. அவர் பெயர் கே. பாலசந்தர்! பிற்காலத்தில் பெரிய டைரக்டர் ஆனவர் சினிமாவுக்குள் நுழைந்த வாசலும் "தாய்" வாசல்தான்.

சத்யா ஸ்டூடியோ இன்று இல்லை. அந்த இடத்தில் பெண்கள் கல்லூரி நடக்கிறது. பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாமல் தவித்த ஒரு தாயின் பெயரில் இருந்த இடத்தில், இன்று பெண் பிள்ளைகள் புத்தகத்தோடு போய் வருகிறார்கள்.

"தாய்"க்குப் போட்டி "அன்னை"

எம். ஜி. ஆருக்கு "தாய்" என்றால், சிவாஜி கணேசனுக்கு "அன்னை"!

1958-ல் அன்னையின் ஆணை. 1963-ல் அன்னை இல்லம். இரண்டும் சிவாஜி நடித்த படங்கள்.

சென்னை தியாகராய நகரில் சிவாஜியின் வீட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? அதுவும் "அன்னை இல்லம்"தான்! சிவாஜியின் தாயார் ராஜாமணி அம்மாள். தகப்பனார் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். குடும்பத்தைக் காப்பாற்றிய பொறுப்பு அந்த அம்மாள் தலையில்தான் விழுந்தது. சிவாஜியும் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர்தான்.

சினிமாவில் இவர்கள் இருவரும் போட்டியாளர்கள். ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். ஆனால், இரண்டு பேரும் தாயின் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். ஒருவர் ஸ்டூடியோவுக்குத் தாய் பெயரை வைத்தார். மற்றவர் வீட்டுக்கே அன்னை என்று வைத்தார். இதில் போட்டி இல்லை. இருவருக்கும் வெற்றிதான்!

மகனைவிட இளைய தாய்

தலைப்பில் தாய் இருக்கிறாள். ஆனால், சுவரொட்டியில் பெரிதாக இருப்பது மகனின் முகம். சரி, அந்தத் தாயாக நடித்தவர்கள் யார்?

முதலில் கண்ணாம்பா. "தாய்க்குப் பின் தாரம்", "தாய் சொல்லைத் தட்டாதே", "தாயைக் காத்த தனயன்" மூன்றிலும் அவர்தான் தாய். 1942-ல் "கண்ணகி" படத்தில் கண்ணகியாக நடித்து, இளங்கோவனின் வசனத்தை இடி மாதிரி முழங்கியவர். 1954-ல் "மனோகரா" படத்தில் சிவாஜிக்குத் தாயாக வந்து கொட்டகையையே அதிரவைத்தவர்.

அவர் பிறந்தது ஆந்திராவில் கடப்பையில். தாய்மொழி தெலுங்கு! கண்ணகியின் தமிழை அவர் வாயால் கேட்டவர்கள் இதை நம்ப மறுத்தார்கள்.

அவர் பிறந்த ஆண்டு 1911. எம். ஜி. ஆர். பிறந்த ஆண்டு 1917. தாய்க்கும் மகனுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம்!

இதாவது பரவாயில்லை. "தெய்வத்தாய்", "தாயின் மடியில்" படங்களில் எம். ஜி. ஆருக்குத் தாயாக நடித்தவர் பண்டரிபாய். கன்னட நாட்டுக்காரர். அவர் எம். ஜி. ஆரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்! தாயைவிட மகன் மூத்தவர்!

பண்டரிபாயின் கதை இன்னும் விசித்திரம். 1952-ல் "பராசக்தி" வந்தபோது சிவாஜிக்கு ஜோடி அவர்தான். 1954-ல் "அந்த நாள்" படத்தில் சிவாஜியின் மனைவி. அதற்குப் பத்தே ஆண்டில் தலையில் நரையைப் பூசிக்கொண்டு தாய் வேடத்துக்கு வந்துவிட்டார். அவரோடு சேர்ந்து அறிமுகமான கதாநாயகர்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் காதல் காட்சியில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்!

ஆனால், அந்த நரை அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. எம். ஜி. ஆருக்குத் தாயாக நடித்த அதே பண்டரிபாய், 1992-ல் "மன்னன்" படத்தில் ரஜினிகாந்துக்கும் தாயாக நடித்தார். இரண்டு தலைமுறைக் கதாநாயகர்களுக்கு ஒரே தாய்!

இன்னொரு தாய் எம். வி. ராஜம்மா. இவரும் கன்னடக்காரர். 1940-ல் பி. யு. சின்னப்பா நடித்த "உத்தம புத்திரன்" படத்தில் கதாநாயகி. 1964-ல் "கர்ணன்" படத்தில் குந்திதேவி! பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டுவிட்டு, ஆயுள் முழுவதும் அழுத தாய். இந்த ராஜம்மாதான் 1952-ல் "தாயுள்ளம்" படத்திலும் நடித்தார்.

கண்ணாம்பாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. மற்ற இருவரும் கன்னட நாட்டுக்காரர்கள். ஆனால், தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தில் கேட்டாலும், "அம்மா என்றால் இப்படி இருக்கவேண்டும்" என்று இவர்களைத்தான் காட்டினார்கள். தாய்க்கு மொழி ஏது?

வில்லனும் கதாநாயகனும்

"தாயுள்ளம்" படத்தைப் பற்றி இன்னும் ஒரு ருசிகரமான விஷயம் உண்டு.

இது "ஈஸ்ட் லின்" என்ற ஆங்கில நாவலைத் தழுவியது. திருமதி ஹென்றி வுட் என்ற அம்மையார் 1861-ல் எழுதியது. வீட்டை விட்டுப் போய்விட்ட ஒரு தாய், பிள்ளைகளைப் பிரிந்திருக்க முடியாமல், வேறு ஆள் போல அதே வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்கிறாள். பெற்ற பிள்ளைகளுக்கே அவள் யார் என்று தெரியாது. சீமையில் எழுதின கதைதான். ஆனால், தாயின் கண்ணீர் எந்த ஊரிலும் ஒன்றுதானே!

இந்தப் படத்தில் கதாநாயகன் ஆர். எஸ். மனோகர். வில்லன் யார் என்றால் ஜெமினி கணேசன்! அப்போது அவர் பெயர் ஆர். கணேஷ்.

பிற்காலத்தில் என்ன ஆயிற்று? கணேஷ் "காதல் மன்னன்" ஆனார். மனோகர் பெயர் பெற்ற வில்லன் ஆனார். ஆளுக்கு ஆள் வேடத்தை மாற்றிக்கொண்டது போல!

ரஷ்யாவிலிருந்து வந்த தாய்

இங்கிலாந்திலிருந்து ஒரு தாய் வந்தாள் என்றால், ரஷ்யாவிலிருந்தும் ஒரு தாய் வந்தாள்.

1959-ல் சோவியத் நாட்டில் ஒரு படம் எடுத்தார்கள். சுக்ராய் என்பவர் டைரக்டர். போர்முனையில் வீரச்செயல் புரிந்த ஓர் இளம் சிப்பாய், "எனக்குப் பதக்கம் வேண்டாம். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வர லீவு வேண்டும்" என்கிறான். ஆறு நாள் லீவு கிடைக்கிறது. வழியில் ஒவ்வொருவருக்காக உதவி செய்து உதவி செய்து, நாள் எல்லாம் போய்விடுகிறது. கடைசியில் தாயைப் பார்க்கச் சில நிமிடங்களே மிஞ்சுகின்றன. கட்டிப் பிடித்துக்கொள்ளத்தான் நேரம். அப்புறம் அவன் திரும்பி வரவே இல்லை. தாய் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இதைத் தழுவித்தான் 1966-ல் பி. புல்லையா "தாயே உனக்காக" எடுத்தார். அந்தச் சிப்பாயாக நடித்தவர் அப்போது புதுமுகமாக வளர்ந்துகொண்டிருந்த சிவகுமார். அவருக்குத் துணையாகச் சிவாஜி கணேசன், பத்மினி போன்ற பெரிய நட்சத்திரங்கள் கௌரவ வேடத்தில் வந்து போனார்கள்.

துப்பாக்கிச் சத்தம்

இந்தப் படங்களிலேயே மறக்க முடியாத நாளில் வந்த படம் "தாய்க்குத் தலைமகன்".

தலைமகன் என்றால் மூத்த பிள்ளை. ஆனால், எம். ஜி. ஆர். வீட்டில் கடைசிப் பிள்ளை! கடைக்குட்டி தலைமகனாக நடித்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால், அந்தப் படம் வந்த நாளில் யாரும் வேடிக்கை பேசவில்லை.

1967 பொங்கலுக்கு, ஜனவரி 13-ந் தேதி படம் வெளியாக இருந்தது. கொட்டகைகளில் தோரணம் கட்டியாகிவிட்டது.

ஜனவரி 12-ந் தேதி மாலை, ராமாவரம் தோட்டத்தில் எம். ஜி. ஆர். சுடப்பட்டார்!

சுட்டவர் எம். ஆர். ராதா. "தாய் சொல்லைத் தட்டாதே" படத்திலும், "தாயைக் காத்த தனயன்" படத்திலும் உடன் நடித்த அதே ராதா. குண்டு எம். ஜி. ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவுக்கும் குண்டுக் காயம். தமிழ்நாடே திகைத்து நின்றது.

மறு நாள் படம் வெளியாயிற்று. கொட்டகைக்குள்ளே திரையில் மகன் தாய்க்காகச் சண்டை போடுகிறான். வெளியே, ஆஸ்பத்திரியில் அந்த மகன் உயிருக்குப் போராடுகிறான். ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். படம் முடிந்து வெளியே வந்த தாய்மார்கள், கதை எப்படி என்று பேசவில்லை. "பிள்ளை பிழைத்துக்கொள்வானா?" என்றுதான் கேட்டார்கள்.

பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் நடந்த பொதுத் தேர்தலில், தொகுதிக்குப் போய் ஓட்டுக் கேட்காமலே பரங்கிமலையில் வெற்றி பெற்றார். ஆனால், அவருடைய பழைய குரல் போய்விட்டது. அந்தக் குரல் முழுசாக ஒலித்த கடைசிப் படங்களில் ஒன்று "தாய்க்குத் தலைமகன்".

பத்தாண்டு கழித்து, 1977-ல் அவர் முதல் மந்திரி ஆனார். மேடையில் பெண்களை அவர் எப்படிக் குறிப்பிடுவார்? "தாய்க்குலம்" என்றுதான். சினிமாத் தலைப்பில் தொடங்கிய சொல், மேடைக்கும் கூடவே வந்தது.

முதலும் முடிவும்

மறுபடியும் கோவைப் பயில்வானுக்கு வருவோம்.

தேவர் பின்னாளில் இந்திப் படமும் எடுத்தார். 1971-ல் வந்த "ஹாத்தி மேரே சாத்தி" வடநாட்டையே கலக்கியது. யானைகளை வைத்து எடுத்த படம். அடுத்த ஆண்டே அதைத் தமிழில் "நல்ல நேரம்" என்று எம். ஜி. ஆரை வைத்து எடுத்தார். அதுதான் இருவரும் சேர்ந்த பதினாறாவது படம். கடைசிப் படமும் அதுவே.

எம். ஜி. ஆர். அரசியலுக்குப் போன பிறகு, தேவர் புதிய தலைமுறை நடிகர்களை வைத்துப் படம் எடுத்தார். 1978-ல் ரஜினிகாந்தை வைத்து ஒரு படம் தயாராயிற்று. டைரக்டர் தேவரின் மருமகன் ஆர். தியாகராஜன். தீபாவளிக்கு வெளியிட ஏற்பாடு.

ஆனால், செப்டம்பர் 8-ந் தேதி தேவர் காலமானார். வயது 63.

எடுத்த படம் நிற்கவில்லை. சொன்னபடி தீபாவளிக்கு, 1978 அக்டோபர் 30-ந் தேதி வெளிவந்தது. அந்தப் படத்தின் பெயர் என்ன தெரியுமா?

"தாய் மீது சத்தியம்!"

முதல் படம் "தாய்க்குப் பின் தாரம்". கண்ணை மூடிய பிறகு வெளிவந்த படம் "தாய் மீது சத்தியம்". இடையில் 22 ஆண்டுகள். தாயில் தொடங்கித் தாயிலேயே முடித்துவிட்டார் அந்தக் கோவைக்காரர்.

நடித்தவர்களில் கண்ணாம்பா 1964-ல் மறைந்தார். எம். ஜி. ஆர். 1987-ல் மறைந்தார். பண்டரிபாய் 2003-ல் மறைந்தார். கோவையில் ஸ்டூடியோ இல்லை. தரை டிக்கெட் இல்லை. பல கொட்டகைகள் கல்யாண மண்டபம் ஆகிவிட்டன.

ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிவிஷனில் இந்தப் படங்களில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டால், அடுப்பங்கரையில் இருக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றுவிடுகிறார். உட்காரச் சொன்னால், "உலையிலே அரிசி போட்டிருக்கிறேன்" என்பார். ஆனால், போகமாட்டார்.

இன்றைக்கு அப்படி வந்து நின்றால், அந்த உலையை நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்து படத்தைப் பார்க்கட்டும்.

தலைப்பில் இருப்பது அவர் பெயர் அல்லவா?